ஜினகாஞ்சியில் வாழ்ந்தோர்: வேகவதிக் கரையில் ஒரு வரலாற்று நடை

நெமிலியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்குக் காஞ்சிபுரம் அயலூர் அன்று. திருமணத்துக்குப் பட்டெடுக்கவும், மருத்துவம் பார்க்கவும், பிள்ளைகளின் படிப்புக்காகவும் அங்கே சென்று வருகிறோம். நல்ல நாள் வாய்த்தால் திருப்பருத்திக்குன்றம் சென்று திரைலோக்கியநாதரைத் தொழுது, தருமதேவியை வணங்கி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புகிறோம். தரிசனம் நிறைவாக அமைகிறது. ஆயினும் அந்த ஆலயத்தைச் சூழ ஒரு காலத்தில் ஒரு பெருங்குடியிருப்பு இருந்தது என்பதையும், அங்கு வாழ்ந்தோர் சிலரின் பெயர்கள் இன்றும் கல்லிலும் செம்பிலும் நிலைத்திருக்கின்றன என்பதையும் நினைத்துப் பார்க்க நமக்கு நேரம் அமைவதில்லை.

அந்த நேரத்தை இம்மலரின் வாயிலாகச் சற்றே ஒதுக்குவோம். கோயிலை மட்டும் காணாமல், ஜினகாஞ்சி என்னும் நகர்ப்பகுதியில் வாழ்ந்தோரைக் காணும் நோக்குடன் ஒரு முற்பகல் நடந்து வருவோம். இந்த நடைக்கு ஒரு காரணமும் உண்டு. “கி.பி. 7ஆம் நூற்றாண்டோடு தொண்டைநாட்டில் ஜைன அறம் முடிந்துவிட்டது” என்று பலரும் எழுதுகின்றனர், பாடநூல் படித்த நம் பிள்ளைகளும் அதனையே நம்புகின்றனர். அதற்குரிய விடை நூலகங்களில் மட்டும் இல்லை. திருப்பருத்திக்குன்றத்தின் இரண்டு மூன்று தெருக்களுக்குள்ளேயே வரிசையாக நிற்கிறது.

நகரின் மேற்கு ஓரம்

காஞ்சி மாநகருக்குச் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, புத்தகாஞ்சி, ஜினகாஞ்சி என்று நான்கு பெயர்கள் வழங்கின. ஏகாம்பரநாதர் கோயிலைச் சூழ்ந்த பெரிய காஞ்சிபுரமும், வரதராசர் கோயிலைச் சூழ்ந்த சின்ன காஞ்சிபுரமும் இன்றும் பெருந்தெருக்களோடு விளங்குகின்றன. பௌத்தர் வாழ்ந்ததற்கு நகரின் சில இடங்களில் கிடைத்த புத்தர் திருவுருவங்களே சான்று. ஜினகாஞ்சியோ ஆலயங்களோடும் வழிபாட்டோடும் நகரின் தென்மேற்கில் நிலைத்துள்ளது.

நெசவாளர் மிகுந்து வாழும் பிள்ளையார்பாளையத்திலிருந்து நடையைத் தொடங்கலாம். தறியின் ஓசை கேட்கும் வீடுகளைக் கடந்து வேகவதி ஆற்றை அடைகிறோம். ஆண்டின் பெரும்பகுதி நீரின்றிக் கிடக்கும் இவ்வாற்றைக் கடந்தவுடன் திருப்பருத்திக்குன்றம் தொடங்குகிறது. பழைய சாசனங்கள் இதனைப் பருத்திக்குன்று என்கின்றன.

ஏறத்தாழ கி.பி. 640இல் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், பௌத்தப் பள்ளிகளைப் பற்றி விரிவாக எழுதியதோடு, இங்கே நிர்க்கிரந்தர் பலர் இருந்தனர் என்றும் குறித்தார். நிர்க்கிரந்தர் என்பது பற்றற்றோராகிய நம் திகம்பர முனிவரைக் குறிக்கும் சொல். பௌத்தராகிய அவருக்கு நம்மைப் புகழ வேண்டிய தேவை இல்லை. ஆதலின் அக்குறிப்பின் மதிப்பு மிகப் பெரிது.

பெயர் தெரிந்த முதல் குடியிருப்பாளர்

யுவான் சுவாங் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இப்பருத்திக்குன்றில் வாழ்ந்த ஒருவரின் பெயர் நமக்குத் தெரியும். அவர் வச்சிரநந்திக் குரவர். நந்தி சங்கத்தைச் சேர்ந்த ஆசாரியர்.

இவரை நமக்கு அறிமுகப்படுத்துவது காஞ்சியில் கிடைத்த சான்று அன்று. 1937இல் திருத்துறைப்பூண்டி வட்டத்துப் பள்ளன்கோயில் என்னும் ஊரில் சில செப்பேடுகள் வெளிப்பட்டன. வடமொழியும் தமிழும் கலந்த அச்சாசனம், சிம்மவிஷ்ணுவின் தந்தையான பல்லவ மன்னன் சிம்மவர்மன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் அளித்த கொடையைக் கூறுகிறது. வெண்குன்றக் கோட்டத்துப் பெருநகர நாட்டிலுள்ள அமண்சேர்க்கை என்னும் ஊர் பருத்திக்குன்றின் வச்சிரநந்திக்குப் பள்ளிச்சந்தமாகக் கொடுக்கப்பட்டது. காலம் 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என அறிஞர் கணிப்பர். இன்று நம்மிடம் உள்ள ஏடுகள் பிற்கால எழுத்தில் அமைந்த படி. பழைய ஆவணத்தைக் காக்க வேண்டும் என்று கருதிய யாரோ அதனை மீண்டும் எழுதி வைத்துள்ளனர்.

அமண்சேர்க்கை என்னும் பெயரை நோக்குக. அமணர் சேர்ந்த இடம் என்று அப்பெயரே பேசுகிறது. கோட்டத்துக்குப் பெயர் தந்த வெண்குன்றம் வந்தவாசிக்கு அருகில் இன்றும் நம்மவர் போற்றும் ஊர். ஆதலின் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே காஞ்சியின் ஒரு மூலையில் இருந்த ஆசாரியருக்கும் தொண்டைநாட்டின் ஊர்ப்புறத்துக்கும் உறவு இருந்தது. நகரில் கல்வி நடந்தது. ஊர்ப்புறத்து விளைச்சல் அக்கல்விக்குச் சோறிட்டது.

இதற்கும் முன்னே, சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி முனிவர் உலோகவிபாகம் என்னும் நூலை இயற்றி, காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்று காலம் குறித்தார். செப்பேட்டுச் சிம்மவர்மனுக்கு முந்திய, அதே பெயருடைய மன்னன் இவன். பல்லவர் வரலாற்றுக்குக் கால அடிப்படை தந்த குறிப்புகளுள் அதுவும் ஒன்று.

சந்திரப்பிரபர் கோயில்: “முடிந்தது” என்பதற்கு விடை

ஊருக்குள் இரண்டு ஆலயங்கள் உள்ளன. முதலில் சிறியதாகிய சந்திரப்பிரபர் கோயிலுக்குச் செல்வோம். பெரிய கோயிலுக்கு வரும் பலர் இதனைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர்.

மணற்கல்லால் ஆகிய பல்லவர் காலக் கட்டடம் இது. கீழ்த்தளம் திடமாக அடைக்கப்பட்டிருக்க, கருவறை மேல்தளத்தில் அமைந்துள்ளது. எட்டாம் தீர்த்தங்கரரைத் தரிசிக்க நாம் படியேறிச் செல்ல வேண்டும். சுவரின் அரைத்தூண்களில் சிங்கங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. கயிலாசநாதர் கோயிலைக் கண்டவர்க்கு இச்சிங்கங்கள் உடனே அடையாளம் தெரியும். இரண்டும் ஒரே மரபின் கைவேலை.

இக்கட்டடத்தை 8ஆம் நூற்றாண்டினது என்பர். இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். மகேந்திரவர்மன் சைவம் தழுவியதாகவும், பாடலிபுரத்துப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் கோயில் எடுத்ததாகவும் பெரியபுராணம் கூறும் நிகழ்ச்சிகள் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்தவை. சைவ நாயன்மார், வைணவ ஆழ்வார் ஆகியோரின் பாடல்களில் நம் முன்னோரைக் கடிந்துரைத்த பகுதிகள் உண்டு. கருத்துப்போர் கடுமையாகவே நடந்தது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போருக்குப் பின், ஒரு நூற்றாண்டு கழிந்த நிலையில், தலைநகரின் எல்லைக்குள், அரசரின் சிற்பிகள் கையாண்ட அதே முறையில், ஜினபகவானுக்குக் கற்கோயில் எழுந்தது. விரட்டப்பட்ட சமயத்துக்குத் தலைநகரில் இவ்வாறு கோயில் எழுமா? அரசவைச் செல்வாக்குக் குறைந்திருக்கலாம். குடியிருப்பு கலையவில்லை.

நெமிலியிலிருந்து மேற்கே நோக்கினாலும் இதே செய்தி கிடைக்கும். ஆற்காட்டுக்கு அருகில் திருப்பான்மலையில், நந்திப்போத்தரசரின் 50ஆம் ஆட்சியாண்டில், நாகநந்திக் குரவர் இருந்த இடத்தில் பொன்னியக்கியார் திருவுருவம் செதுக்கப்பட்டது. அதற்கு அணித்தான விளாப்பாக்கத்தில், முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், திருப்பான்மலை அரிட்டநேமி அடிகளின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தியடிகள் கிணறு ஒன்றை அமைத்தார். கற்றுத் துறந்த பெண் ஒருவர், ஊருக்குத் தண்ணீர் கொடுத்துத் தம் பெயரை நிறுத்தினார்.

பெரிய கோயிலும் இருடி சமுதாயமும்

அடுத்து திரைலோக்கியநாதர் கோயிலுக்கு வருகிறோம். முன்பகுதியில் வர்த்தமானர், புட்பதந்தர், தருமதேவி ஆகியோர் சந்நிதிகள். மற்றொரு தொகுதியாகிய திரிகூட பஸ்தியில் பத்மப்பிரபர், வாசுபூச்சியர், பார்சுவநாதர் சந்நிதிகள். இன்று காணும் கட்டடங்களில் பெரும்பகுதி சோழர் காலத்தும் விசயநகரக் காலத்தும் எழுந்தவை.

சுவர்க் கல்வெட்டுகளில் முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகியோர் காலத்து நிலப் பரிமாற்றங்கள் பதிவாகியுள்ளன. இருடி சமுதாயம் என்னும் தொடர் அவற்றில் கவனத்துக்குரியது. முனிவர் கூட்டம் என்பது அதன் பொருள். ஊர்ச்சபைகள் அரசனின் ஆட்சியாண்டைக் குறித்து, முறைப்படி ஆவணம் செய்து, கோயிலுக்கு நிலம் விற்றன. ஒளிந்து வாழ்ந்தோரின் செயல்முறை இதுவன்று. அண்டை ஊரார் மதித்து நடத்திய ஒரு நிறுவனத்தின் செயல்முறை. 12ஆம் நூற்றாண்டிலும் பருத்திக்குன்றில் முனிவர் கூடி வாழ்ந்தனர் என்பதற்கு இவை கற்சான்று.

உயர்ந்த மதிலில் அழகிய பல்லவன் என்னும் பெயர் காணப்படுகிறது. காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கனுக்கு வழங்கிய பெயர் அது என்றும், 13ஆம் நூற்றாண்டில் அவன் தொடர்பால் மதில் எழுந்தது என்றும் அறிஞர் கருதுவர். அவன் தில்லைக்கூத்தனின் அடியவன். சிவனடியான் ஒருவனின் பெயர் ஜினாலயத்து மதிலைக் காத்து நிற்பது, சமயப்பூசலை மட்டுமே வரலாறாகச் சொல்வோர் காண வேண்டிய காட்சி.

இருகப்பரும் அவர் ஆசிரியரும்

இனிச் சங்கீத மண்டபத்துக்குள் நுழைவோம். இதனைக் கட்டியவர் இருகப்பர். விசயநகரப் பேரரசின் தண்டநாயகர், தந்தையாரும் தண்டநாயகரே. போர்த்தொழில் புரிந்த குடியில் பிறந்தும் அருகனடியைப் பற்றிய சிராவகர்.

கல்வெட்டுகள் அவர் செய்த இரண்டு பணிகளைக் கூறுகின்றன. 1382இல், இரண்டாம் அரிகரரின் மகனாகிய புக்கரின் நன்மைக்காக, மாவண்டூர்ப் பகுதியிலுள்ள மகேந்திரமங்கலம் என்னும் ஊரைக் கோயிலுக்கு வழங்கினார். பிரபவ ஆண்டில், அதாவது 1387இல், தம் ஆசிரியர் புட்பசேனரின் சொற்படி மண்டபத்தை எழுப்பினார். இதற்குச் சற்று முன்னர்தான் விசயநகரத் தலைநகரில் குந்துநாதருக்கு ஆலயம் எடுத்திருந்தார். அம்பியின் இடிபாடுகளுக்கு நடுவில் அது இன்றும் நிற்கிறது. நானார்த்த ரத்னமாலை என்னும் வடமொழி நிகண்டும் அவர் பெயரால் வழங்குகிறது. மண்டபத் தூண் ஒன்றில் கைகூப்பி நிற்கும் உருவத்தை அவருடையது என்று கருதுவர்.

இருகப்பரின் காலத்துக்குச் சற்று முன்பு, 1368இல், நாட்டில் ஜைனருக்கும் வைணவருக்கும் பூசல் எழுந்தது. முதலாம் புக்கர் இரு தரப்பாரையும் அழைத்து, திருவரங்கம், திருமலை, காஞ்சி, மேல்கோட்டை முதலிய தலங்களின் ஆசாரியர் முன்னிலையில், ஜைனரின் கையை வைணவரின் கையில் ஒப்படைத்து, இரு தரிசனங்களுக்கும் வேற்றுமை இல்லை என்று அறிவித்தார். சிரவணபெளகொளக் கல்வெட்டு இதனைப் பதிவு செய்துள்ளது. அந்த உறுதிமொழி வெறுஞ்சொல்லாகப் போகவில்லை என்பதைக் காட்டுகிறது, இருபது ஆண்டுக்குள் காஞ்சியில் எழுந்த இந்த மண்டபம்.

தண்டநாயகரின் பெயரைவிட நம் நெஞ்சில் நிற்க வேண்டியது “ஆசிரியர் சொற்படி” என்னும் குறிப்பு. படையை நடத்தியவர், உடைமை ஒன்றும் இல்லாத முனிவர் ஒருவரின் சொல்லுக்குப் பணிந்தார். அந்த முனிவர் வாழ்ந்த இடமே இப்பருத்திக்குன்று.

முனிவாசமும் குராமரமும்

கோயிலின் பின்புறம் முனிவாசம் எனப்படும் சிற்றறைகளும், மேடையோடு கூடிய குராமரமும் உள்ளன. மல்லிசேன வாமனர், அவர் மாணாக்கர் புட்பசேன வாமனர் முதலிய ஆசாரியர் நினைவு இவ்விடத்தோடு இணைந்துள்ளது. நீலகேசிக்குச் சமயதிவாகரம் என்னும் உரையும் மேருமந்தர புராணமும் தந்த வாமன முனிவர் இவ்வாசாரியரே என்பது நம் மரபு. அவ்விரு நூல்களையும் 20ஆம் நூற்றாண்டில் பதிப்பித்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், நீலகேசி உரையுடன் 1936இல் வெளிவந்தது. பருத்திக்குன்றத்து முனிவர் ஓலையில் எழுதியதைப் பல நூற்றாண்டு கழித்து நம் குலத்து அறிஞர் ஒருவர் அச்சில் ஏற்றினார். கல்லில் தொடங்கிய மரபு காகிதத்தில் தொடர்ந்தது.

குராமரத்தைப் பற்றி மேடையில் ஒரு தமிழ்ப் பாட்டு பொறிக்கப்பட்டுள்ளது. இம்மரம் தன் அளவில் குறைவதும் இல்லை, மிகுவதும் இல்லை. மன்னனின் செங்கோன்மைக்கு அடையாளமாக நிற்கிறது என்பது அதன் கருத்து. அளவோடு நிற்றல் என்பது நம் அணுவிரதங்களின் சாரம். பொருளை அளவுபடுத்துதலை இல்லறத்தார்க்குரிய நோன்பாக வைத்த சமயத்தின் கோயிலுக்கு இதனினும் பொருத்தமான மரம் வேறு இல்லை.

கூரையை நோக்குவோம்

நடையின் கடைசி நிலை மண்டபங்களின் விதானம். ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோர் சரிதங்களும் தருமதேவியின் கதையும் அங்கே பட்டை பட்டையாகத் தீட்டப்பட்டுள்ளன. நேமிநாதரின் உறவினராகிய கண்ணபிரானின் இளமைக் காட்சிகளும் உண்டு. இன்று காணும் ஓவியங்களில் பெரும்பாலானவை 16, 17ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சங்கீத மண்டபத்தில் இருகப்பர் காலத்து ஓவியச் சிதறல்களும் எஞ்சியுள்ளன என்பர்.

ஓவியங்களின் கீழே தமிழில் சிறு விளக்க வரிகள் எழுதப்பட்டுள்ளன. வடமொழிப் புராணம் கல்லாத ஒரு தாய், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, “இது இன்ன காட்சி” என்று சொல்லும்படி ஓவியர் செய்து வைத்த உதவி அது. அந்த ஓவியரின் பெயர்கள் விளங்கவில்லையாயினும், அவர்கள் யாருக்காக எழுதினர் என்பது விளங்குகிறது.

தருமதேவியின் கதையை மட்டும் இங்கே நினைவூட்டுவோம். சிரார்த்தத்துக்கென்று சமைத்த உணவை, பசியோடு வந்த ஜைன முனிவருக்கு அளித்தாள் ஓர் இல்லத்தரசி. கணவன் சினந்து அவளை இரண்டு புதல்வரோடும் வெளியேற்றினான். அவள் மலையேறினாள், துன்பத்தின் முடிவில் நேமிநாதரின் யக்ஷியானாள். ஒரு பிடி சோற்றின் பொருட்டு வீட்டை இழந்தவளுக்கு இவ்வூர் தனிச் சந்நிதி கொடுத்தது. நோன்பு நாளில் நம் வீடுகளில் ஆகாரதானத்தைப் பற்றிப் பேசும்போது, அந்த விதானத்தை நினைப்பது பொருத்தம்.

1934இல் டி. என். இராமச்சந்திரன் என்னும் அறிஞர், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீடாக, இவ்வாலயங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். ஓவியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, காட்சியை அடையாளம் கண்டு, விளக்க வரிகளைப் படியெடுத்தார். காலத்தாலும் கசிவாலும் புகையாலும் மங்கிய பகுதிகளுக்கு இப்போது அந்நூலே பெருந்துணை. ஒருவர் நேரம் எடுத்து எழுதி வைத்ததனால் எஞ்சியது அது.

நம் கையில் உள்ள பங்கு

ஜினகாஞ்சியில் விளங்கிய மடம் பின்னாளில் செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூருக்கு இடம் மாறியது. அங்கு பீடம் வகிக்கும் பட்டாரக சுவாமிகளின் மடத்துக்கு இன்றும் ஜினகாஞ்சி மடம் என்றே பெயர். ஊர் மாறியும் பெயரை விடாமல் சுமந்து சென்றது நம் சமூகம். அதே நூற்றாண்டுகளில் நம் குடும்பங்கள் உழவோடும் ஊரோடும் ஒன்றிப் பல சிற்றூர்களில் பரவின. நம் தலைமுறையிலோ சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் செல்கின்றன. இடம்பெயர்தலைத் தவறு என்று சொல்வதற்கில்லை. மடமே இடம்பெயர்ந்தது. ஆனால் அது தன் பெயரையும் ஏடுகளையும் எடுத்துக்கொண்டு பெயர்ந்தது. நாம் எதை எடுத்துச் செல்கிறோம் என்பதே வினா.

வச்சிரநந்தி முதல் குராமரத்து முனிவர் வரை இந்த நடையில் சந்தித்தவர்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். 6ஆம் நூற்றாண்டு, 8ஆம் நூற்றாண்டு, 12ஆம் நூற்றாண்டு, 14ஆம் நூற்றாண்டு, 17ஆம் நூற்றாண்டு என்று சான்று இடையறாமல் வருகிறது. முடிந்துபோன ஒரு சமயத்தின் எச்சம் இவ்வாறு இராது. ஒவ்வொரு காலத்திலும் ஒருவர் தம்மால் இயன்றதைச் செய்து, அதனை எழுதியும் வைத்தார். அடுத்தவர் அங்கிருந்து தொடங்கினார்.

ஆதலின் இவ்விழா ஆண்டில் நம் குடும்பங்கள் மூன்று சிறு கடமைகளை ஏற்கலாம். திருப்பருத்திக்குன்றம் செல்லும்போது பெரியவர் ஒருவரும் பிள்ளைகளும் உடன் சென்று, சந்திரப்பிரபர் கோயிலையும் சேர்த்து, இந்த வரிசையில் நடந்து காண்க. தொல்லியல் துறையின் காப்பில் உள்ள பழைய சுவர்களையும் ஓவியங்களையும் தொடாமலும், அவற்றின் அருகே கற்பூரமோ விளக்கோ ஏற்றாமலும் காக்க. மூன்றாவதாக, தத்தம் ஊர் ஜினாலயத்தில் உள்ள கல்வெட்டு, செப்புத் திருமேனியின் பீடத்து எழுத்து, பழைய ஓலைச்சுவடி, திருப்பணி செய்தோர் பெயர் ஆகியவற்றைப் படம் எடுத்து, ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வைக்க. ஊரில் மூத்தோர் சொல்லும் செய்திகளையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுக.

பள்ளன்கோயில் செப்பேட்டை மீண்டும் படியெடுத்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் செய்த வேலையால்தான் வச்சிரநந்தியின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவ்வேலையை நம் ஊர்களில் இனிச் செய்ய வேண்டியவர் நாமே.

அருகன் அறம் ஓங்குக! எவ்வுயிரும் இன்புறுக!